கணவாய் ஓட்டில் வார்த்த ஆள்

கன்னையாவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போது, ஆரம்பத்திலிருந்தே அவர் அருமை தெரிந்தவள்போல நான் வேஷம் போடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் வீட்டுக்காரர் அய்யாவு ரயில் இன்ஜினில் நெருப்பு போடுகிறவர். கன்னையா செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் வார்ப்படக்காரர். இரும்பையும் பித்தளையையும் உருக்கி மணல் அச்சில் ஊற்றி, பிரேக் கட்டை, தாங்கி என்று வண்டிகளுக்கு வேண்டியதைச் செய்கிறவர். நாற்பது வயது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியும் இன்னொருத்தியைக் கட்டவில்லை. பேச்சும் குறைவு. எங்கள் லைன் வீடுகளில் ஒரு ஆளைச் சந்தேகப்பட இவ்வளவு போதும். எனக்கு இதில் பாதியே போதும்.

அவருடைய பார்வைதான் எனக்கு ஆகவே ஆகாது. ஒரு ஆம்பளை எதிரே வந்தால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கால் எப்படி ஊன்றியிருக்கிறது, கை எங்கே தொங்குகிறது என்று தையற்காரன் அளவெடுப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அப்படிப் பார்த்ததை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் அவருக்கு ஒரு வேடிக்கையான உபதொழில் இருந்தது. மேட்டு பங்களாவில் குடியிருந்த வெள்ளைக்கார ஃபோர்மன் துரை, ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய மேஜையில் பச்சைத் துணியை விரித்து, புத்தகங்களை அடுக்கி மலை என்பார், நீல ரிப்பனை நீட்டி ஆறு என்பார். அதன்மேல் விரல் உயரச் சிப்பாய்களை இரண்டு கட்சியாக நிறுத்தி, இன்னொரு துரையோடு தாயம் உருட்டி யுத்தம் நடத்துவார். அந்தச் சிப்பாய்களைச் சீமையிலிருந்து வரவழைத்தது போய், கன்னையாவே வீட்டில் அச்சு செய்து ஈயத்தில் வார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். குதிரைப்படை, பாவாடை கட்டிய படை, பீரங்கிக்காரன் எல்லாம் செய்வார். நரைத்த தலையை வைத்துக்கொண்டு துரை பொம்மை விளையாடுகிறாரே என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். ஒரு ராத்திரி சமைத்த சோறு மேஜையில் இருக்க அப்படியே போனார் என்றார்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த பங்களாவில் கண்ணாடி போட்ட ஜப்பானிய அதிகாரி ஒருவர் வந்து குடியேறினார். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிரித்து அனுப்புகிற வேலை அவருடையது. எங்கள் ஆண்களின் தலை அவர் பேனா முனையில் இருந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து திங்கட்கிழமை என்றால் லைனில் விடிவதற்கு முன்பே எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். ரயில்வேக்காரர் ஒவ்வொருவருக்கும் பித்தளை வில்லையில் ஒரு நம்பர் உண்டு. திங்கள் காலையில் ஷெட் கதவில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். அதில் யார் நம்பர் இருக்கிறதோ அவன் புதன்கிழமை ரயிலேற வேண்டும். போனவன் யாரும் திரும்பவில்லை. கடுதாசியும் வரவில்லை. என் வீட்டுக்காரர் நம்பர் நானூற்றுப் பதினேழு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாமிக்கு விளக்கேற்றும்போது, அம்மா தாயே, நானூற்றுப் பதினேழு மட்டும் வேண்டாம் என்றுதான் கும்பிடுவேன். வேறு யார் நம்பர் வந்தாலும் பரவாயில்லை என்பது அதற்குள் அடக்கம். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பட்டியலுக்கு யாரோ பேர் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று லைனில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். ஜப்பான்காரனுக்கு நம்மில் யார் திடமானவன், யார் சோப்ளாங்கி என்று எப்படித் தெரியும்? உள்ளே ஒரு ஆள் இல்லாமல் முடியுமா? குழாயடியில் பேச்சு வரும்போதெல்லாம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். நான் கன்னையாவின் கதவைப் பார்ப்பேன்.

காரணம் இல்லாமல் பார்க்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணியானால், வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் மேட்டு பங்களாவுக்குப் போவார். வாசலில் நிற்கிற சிப்பாய்க்குக் குனிந்து கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போவார். அரை மணி கழித்து வெறுங்கையோடு வருவார். மறுநாள் பட்டியல் ஒட்டப்படும். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ஜெய்னுதீன் காக்கா ரயிலில் வருவார். கருவாட்டு வியாபாரி. எல்லார் வீட்டிலும் கூடையை இறக்குகிறவர், கன்னையா வீட்டில் மட்டும் கூடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் போன பிறகு கருவாடு வறுக்கிற வாசம் வராது. கரி புகைகிற வாசமும், ஏதோ முடி தீய்ந்ததுபோல ஒரு நாற்றமும் வரும். போதாததற்குக் கன்னையா வீடு வீடாக வந்து தீர்ந்துபோன பல்பசைக் குழாய் இருக்கிறதா என்று கேட்பார். பல் துலக்க உப்பே இல்லாத காலத்தில் பழைய பல்பசைக் குழாய் எதற்கு?

"என்னாத்துக்குண்ணே அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மாதான், தங்கச்சி," என்றார்.

சும்மா என்று சொல்கிறவனை நான் ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் அய்யாவு ரயில்பாதை ஓரத்தில் விறகு வெட்டிக்கொண்டு வந்தார். நீளமான கட்டை ஒன்றை வலது தோளில் வைத்து, அவருடைய வழக்கப்படி இடது இடுப்பைச் சற்றுத் தள்ளி நடந்து வந்தார். கன்னையா வாசலில் நின்றிருந்தார்.

"அய்யாவு, அப்படியே கொஞ்சம் நில்லுப்பா. நகராத லா."

என் வீட்டுக்காரர் ஒரு அப்பாவி. நில் என்றால் நிற்பார். கன்னையா அவரைச் சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் அய்யாவு குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை கன்னையா வேலைக்குப் போனபிறகு நான் பின்பக்கமாக அவர் சமையலறைக்குள் நுழைந்தேன். பின்கதவுக்குப் பூட்டு கிடையாது. ஒரு கயிறுதான். அடுப்புக்குப் பக்கத்தில் பலகைமேல் இரண்டு வெள்ளை ஓடுகள் கிடந்தன. கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்குமே, நகத்தால் கீறினாலே பள்ளம் விழுகிற அந்த ஓடு. இரண்டையும் தேய்த்துச் சமமாக்கி, ஒன்றில் ஆளின் முன்பக்கத்தையும் மற்றதில் பின்பக்கத்தையும் குடைந்திருந்தது. உள்ளே கருகிக் கறுத்திருந்தது. பக்கத்தில் நின்றது அய்யாவு.

விரல் உயரம்தான். ஈயம். தலையில் ஏதோ பழங்காலத் தொப்பி, தோளில் கட்டைக்குப் பதிலாக ஈட்டி. ஆனால் அந்த இடுப்பு அய்யாவுடையது. அந்தத் தோள் சரிவு அய்யாவுடையது. கட்டிய மனைவிக்கு அடையாளம் தெரியாதா? எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். காலடியில் ஊசியால் கீறியிருந்தது. நானூற்றுப் பதினேழு.

ஒரு ஆளைப்போலவே உரு செய்து, அவன் பெயரை அடியில் கீறி, அவன் படுக்கையில் விழுவதற்கு என்ன பெயர் என்று எங்கள் லைனில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். செய்வினை. ஈயத்தில் செய்தால் எளிதில் முறியாது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மயானத்து எலும்பு கிடைக்காமல் மீன் எலும்பில் செய்திருக்கிறான் பாவி என்று நினைத்தேன்.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. உருவையும் இரண்டு ஓடுகளையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஓடுகளை அம்மியில் வைத்து நொறுக்கினேன். மூன்று காய்ந்த மிளகாய், வேப்பிலை, வீட்டிலிருந்த கடைசிக் கைப்பிடி உப்பு எல்லாவற்றையும் உருவோடு சேர்த்துத் துணியில் முடிந்து, தூங்கிக்கொண்டிருந்த அய்யாவின் தலையை மூன்று சுற்று சுற்றினேன். நேரே கிள்ளான் ஆற்றுக்குப் போய் ஓடுகிற தண்ணீரில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மறுநாள் அய்யாவுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தார். எனக்கு ஒரே பெருமை.

உருவை நான் எடுத்த அன்றைக்குச் சாயங்காலமே கன்னையா பதறிப்போய் வந்தார்.

"தங்கச்சி, பின்பக்கமா யாராச்சும் வந்தாங்களா?"

"எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? என்னா காணோம்?"

"ஒன்னுமில்ல," என்று போய்விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல முழிக்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பொட்டலம் இல்லாமல் பங்களாவுக்குப் போவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். என் வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஷெட் கதவில் ஒட்டிய காகிதத்தில் பன்னிரண்டு நம்பர். ஐந்தாவது, நானூற்றுப் பதினேழு.

என் கொழுந்தனார் விஜயன்தான் ஓடிவந்து சொன்னார். அவரும் ரயில்வேதான், எங்களோடுதான் இருந்தார். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கன்னையா வீட்டுக்குள் போனேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். உரு செஞ்சி சாகடிக்கப் பார்த்த, அது பலிக்கலன்னு பேர எழுதிக் கொடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா என்று கத்தினேன். அவர் அசையாமல் நின்று கேட்டார். உரு என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எடுத்தது நீயா?"

"ஆமா. நானேதான். ஆத்துல போட்டேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

துரையின் அலமாரியில் இருந்த சிப்பாய்களைப் பார்த்து, இதைச் செய்தவன் யார் என்று தேடி அந்த அதிகாரி கன்னையாவைப் பிடித்திருக்கிறார். அவருக்கும் அதே பைத்தியம். மேஜைமேல் மணல் கொட்டி, தங்கள் நாட்டுப் பழைய யுத்தங்களை நடத்துகிறவர். ஆனால் ஒரு நிபந்தனை. துரையின் சிப்பாய்கள்போல ஒரே அச்சில் பத்து பேர் கூடாது. ஒவ்வொருவனும் வேறு வேறு ஆளாக, உயிருள்ளவன்போல நிற்கவேண்டும். அதற்குக் கன்னையா மலாயில் சொன்னாராம்: துவான், உயிருள்ள ஆளைப் பார்த்தால்தான் அப்படிக் குடையமுடியும். பார்ப்பதற்கு ஆளே இல்லாமல் எல்லோரையும் சயாமுக்கு அனுப்பிவிட்டால் நான் யாரைப் பார்த்துச் செய்வேன்?

அதிகாரி சிரித்திருக்கிறார். சரி, என் படையில் சேர்ந்தவனை நான் வேறு எங்கும் அனுப்பமாட்டேன், யாரைப் பார்த்துச் செய்தாயோ அவன் நம்பரைக் காலடியில் கீறிக் கொண்டுவா என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பொம்மையைத் திருப்பிப் பார்ப்பார். புத்தகத்தில் அந்த நம்பருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அதற்குப் பிறகு அந்த நம்பர் பட்டியலில் வராது.

"இதுவரைக்கும் பத்து பேரு, தங்கச்சி. அவனுங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா நாளைக்கே நூறு பேரு என் வாசல்ல நிப்பான். கெம்பித்தாய் போலீசு காதுக்குப் போனா அந்த ஆளுக்கும் கழுத்து போகும், பத்து பேரும் ரயிலேறணும். பதினோராவது அய்யாவு."

நான் நின்றபடி நின்றேன். விளக்குமாறு கையில் இருந்தது. ஒரு மனுஷி தன் கையாலேயே தன் தாலியை அறுத்து, அதற்கு உப்பும் மிளகாயும் வேறு சுற்றிப் போட்டிருக்கிறாள் என்று புரிய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னொன்னு செய்யுங்கண்ணே. இன்னைக்கே செய்யுங்க."

ஓடு இல்லை என்றார். ஒரு கணவாய் ஓட்டில் ஒரு ஆளைத்தான் வார்க்கலாம், சூட்டில் உள்பக்கம் கருகிவிடும். மிச்சம் இருந்த கடைசி ஓடுகள் அய்யாவுக்கே செலவாகிவிட்டன; கருகியதையாவது தேய்த்துப் பார்க்கலாம் என்றால், அவற்றையும் நான் அம்மியில் வைத்து நசுக்கியிருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஓடு கொண்டுவரவேண்டிய ஜெய்னுதீன் காக்கா வரவில்லை. கிள்ளானில் சோதனை என்று ரயிலில் ஏற்றவில்லையாம். ஞாயிறன்று வெறுங்கையோடு போனபோது, அடுத்த வாரம் கொண்டுவா என்று அதிகாரி சொன்னாராம். அதை நம்பித்தான் வந்தேன் என்றார் கன்னையா.

"மண்ணுல செய்யமுடியாதா?"

அவர் யோசித்தார். பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் இன்னும் நல்ல களிமண் இருந்தது. அதில் அச்சு எடுக்கலாம். ஆனால் நிழலில் ஒரு வாரம் காயவேண்டும், பிறகு சுடவேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரு நாள்.

அன்றைக்கே மண் எடுத்து வந்து அச்சு செய்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை அதைக் கரி அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தோம். அவர் நினைவிலிருந்தே அய்யாவைக் குடைந்திருந்தார். நான் விசிறினேன். காக்கா கொண்டுவந்திருந்த மீன்வலைக் குண்டு ஈயத்தையும் பல்பசைக் குழாய்த் தகரத்தையும் கரண்டியில் போட்டு உருக்கி, மேலே வந்த அழுக்கை ஒதுக்கினார். அச்சைத் தட்டிப் பார்த்தார். காதோரம் வைத்துக் கேட்டார்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்குது," என்றார்.

"ஊத்துங்கண்ணே," என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஊற்றினார். பாதி இறங்கியிருக்கும். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, மேலே நின்ற ஈயத்தை ஒரே மூச்சில் வெளியே துப்பியது. கன்னையா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இடது கண். சத்தம் போட்டால் அக்கம்பக்கம் வந்துவிடும் என்று தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். திரும்பி வந்தபோது ஒற்றைக் கண்ணோடு அச்சை உடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அய்யாவு இருந்தார். தலை சரியாக இருந்தது, தோள் இருந்தது, அந்த இடுப்பும் இருந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஈயம் நிற்கவில்லை.

அப்படியே நம்பரைக் கீறித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கண்ணில் ஈரத்துணியைக் கட்டியபடி பங்களாவுக்குப் போனார். நான் வழியைப் பார்த்தபடி நின்றேன். அரை மணியில் திரும்பினார். அதிகாரி பொம்மையை வாங்கி நிறுத்திப் பார்த்தாராம். அது நிற்கவில்லை. மணல்மேல் மெல்லப் படுக்கவைத்துவிட்டு, இவன் செத்துப்போனவன், செத்தவன் என் படையில் கணக்கில்லை என்று சொல்லிவிட்டாராம். சிரிக்காமல் சொன்னாராம்.

புதன்கிழமை ஸ்டேஷனில் கூட்டம். பெண்கள் அழுதால் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினார்கள். அய்யாவு சாமான் வண்டியின் கதவோரம் நின்றிருந்தார். விஜயன் என் பக்கத்தில். அய்யாவு எங்களை நோக்கிக் குனிந்தார்.

"இந்தா நல்லம்மா, அந்தக் கன்னையா மூஞ்சியில முழிக்காத. அவன்தான் என்னைய எழுதிக் கொடுத்தான். அன்னைக்கு நிக்கவச்சி பார்த்தான் பாரு, அதுக்குத்தான். விஜயா, அவன உட்டுடாத."

"உடமாட்டேன்ணே," என்றார் விஜயன்.

நான் சொல்லியிருக்கலாம். அவர் காதோரம் நாலு வார்த்தை போதும். பத்துப் பேர் உயிர் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்று கன்னையா கேட்டுக்கொண்டிருந்தார். உண்மைதான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அந்தப் பத்துப் பேருக்காக இல்லை. போகிற மனுஷன் என்னை வெறுத்துவிட்டுப் போய்விடுவாரே என்ற பயம். பத்துப் பேரின் உயிர் எனக்கு நல்ல வசதியான சாக்காகக் கிடைத்தது. வண்டி நகர்ந்தது. அய்யாவு என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

மறுவருஷம் ஐப்பசியில், சயாமிலிருந்து நோயாளியாகத் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். மழைக்காலத்தில் அய்யாவுக்கு வாந்திபேதி. மூன்று நாள்தான் கிடந்தாராம்.

கன்னையா நிறுத்தவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, ஜெய்னுதீன் காக்கா கொண்டுவந்த ஓடுகளில் மறுபடியும் குடைந்தார். முன்னைவிட நேரம் பிடித்தது. பார்வையும் முன்னைவிட மோசமானது, ஒரு ஆளைப் பார்க்கக் கிட்டே வந்து தலையைச் சாய்த்து உற்றுப் பார்ப்பார். லைனில் சந்தேகமும் முன்னைவிடக் கூடியது. கண் போனது சாமி கொடுத்த கூலி என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் பிடிக்கிற வரிசையில் அவருக்கு யாரும் இடம் விடமாட்டார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குழாயடியில் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டு இருந்தேன். யாரைச் செய்தாலும் அவன் நம்பரை எனக்கு மட்டும் சொல்லிவைப்பார்; கடைசியில் மொத்தம் பதினாறு பேர். ஒருவரும் பட்டியலில் வரவில்லை.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் தோற்றான் என்று செய்தி வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. இடையில் இருந்த அந்தச் சில வாரங்களில் யார் கையில் கம்பு இருந்ததோ அவன் வைத்ததுதான் சட்டம். காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி ஒவ்வொரு கம்பத்திலும் லைனிலும் ஆட்களை இழுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் வரவில்லை.

எங்கள் லைனில் ஒரு காலை வேளையில் இருபது பேர் திரண்டார்கள். முன்னால் விஜயன். கன்னையாவை வெளியே இழுத்து, கையைப் பின்னால் கட்டி, குழாயடியில் முட்டிபோட வைத்தார்கள்.

"வாரா வாரம் மேட்டு பங்களாவுக்கு என்னாத்துக்குப் போன?"

"பொம்மை செஞ்சு கொடுத்தேன்."

கூட்டம் சிரித்தது. ஊரே சாகும்போது பொம்மையாம். யாரோ செருப்பால் அடித்தார்கள். சிரித்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் அவர் ஈயத்தில் வார்த்த ஆட்கள். கன்னையா அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, என் வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. சொன்னால் மட்டும் நம்பவா போகிறார்கள் என்று விட்டுவிட்டாரா, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"எங்கண்ணன நிக்கவச்சி அளவெடுத்துக் கொடுத்தவன் நீதானடா?" என்று விஜயன் கட்டையை ஓங்கினார்.

"அவரு இல்ல," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. உருவைத் திருடியது, ஓடுகளை நசுக்கியது, உப்பு மிளகாய் சுற்றி ஆற்றில் போட்டது, ஈர மண்ணில் ஊற்றச் சொன்னது எல்லாவற்றையும் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அங்கே நின்றவர்களைக் காட்டி, உங்க நம்பர், உங்க நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கன்னையா சொல்லியிருந்த எல்லாம் எனக்கு மனப்பாடம்.

சிக்னல்காரர் ராதாகிருஷ்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கொடியத் தூக்கிப் பிடின்னு என்னைய ஒருநாளு நிக்கவச்சாரு. நான் லூசுன்னு நெனச்சேன்." பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "எந்தப் பொம்பள இப்படி ஒரு பொய்யத் தன் தலையில அள்ளிப் போட்டுக்குவா?" என்றார்.

"விஜயா," என்றேன். "உங்கண்ணன் போனதுக்கப்புறம் அவரு ஒத்தக் கண்ணோட மொத மொத செஞ்சது உங்களத்தான்."

விஜயன் கட்டையைக் கீழே போட்டார். குனிந்து கன்னையாவின் கையில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. பிறகு அவர் காலைத் தொட்டார். கன்னையா, "போப்பா, போ," என்று மட்டும் சொல்லி எழுந்து, தடவிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

விஜயன் என்னிடம் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"அண்ணி, ஒன்னு மட்டும் சொல்லுங்க. அண்ணன் ரயிலேறும்போது, இது உங்களுக்குத் தெரியுமா?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக அவற்றையெல்லாம் நான் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

"தெரியும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என்னைத் திட்டவில்லை. வீட்டைவிட்டு அனுப்பவும் இல்லை. அண்ணன் மனைவி என்ற கடமைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சம்பளம் வந்த நாளில் அரிசி வாங்கி வந்து என் அறை வாசற்படியில் வைப்பார். முப்பத்தோரு வருஷம் அப்படி வைத்தார். பின்னால் கட்டிய பெண்டாட்டி தங்கமணியைக் கூப்பிட்டு, "அந்தம்மாவ எடுத்துக்கச் சொல்லு," என்பார். அன்றைக்குக் குழாயடியில் கேட்டதுதான், அண்ணி என்று அவர் என்னை அழைத்த கடைசித் தடவை.